நாற்பது நிமிடப் பாடம்

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள் அண்ணாச்சி? இப்படி என் காலடியில் வையுங்கள். என் பையில் உடைகிற சாமான் ஒன்றும் கிடையாது. ஒரு சாப்பாட்டுத் தூக்கு, ஒரு குடை, அவ்வளவுதான். முன்பெல்லாம் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினால் இரண்டு கையிலும் பை இருக்கும். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை டப்பா, படம் ஒட்டிய அட்டைகள், ஒரு கூடை. சுமந்து சுமந்து இந்தப் பக்கத் தோள் இறங்கியே போய்விட்டது. பாருங்கள், தெரிகிறதா?

மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவரா நீங்கள்? நல்ல தொழில். சுவிட்சைப் போட்டால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. செய்தது சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் அது தெரியவே தெரியாது.

நான் வாத்தியார். பிள்ளைகளுக்கு இல்லை, வாத்தியார்களுக்கு வாத்தியார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இங்கிலீஷ் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுப்பது. கருத்தாளர் என்பார்கள். பத்தொன்பது வருடம். பெயர் சௌந்தரபாண்டியன். பெயரைச் சொன்னால் சில பேருக்குத் தெரியாது. "கடைப்பாட சார்" என்று சொல்லுங்கள், இந்த ஒன்றியத்தில் தெரியாத பள்ளிக்கூடம் கிடையாது. கருத்தாளராக இருந்தேன் என்றுதான் இனிமேல் சொல்ல வேண்டும். ஐந்து மாதமாக நானும் சாதாரணப் பள்ளிக்கூட வாத்தியார்தான்.

எப்படி என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு டீச்சரிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அதனால் வந்தது.

உங்களுக்கு நேரம் இருக்கிறதா? கடைசி நிறுத்தம் வரைக்கும் போகிறீர்களா? அப்படியானால் முறையாகவே சொல்கிறேன்.

பயிற்சி என்றால் ஐந்து நாள். ஒரு அணிக்கு நாற்பது வாத்தியார்கள். வந்தவுடன் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேருக்கு வந்த வேலை முடிந்துவிடும். முன் வரிசையில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். நடு வரிசையில் பேப்பர் படிக்கிறவர்கள். பின் வரிசையில் பிள்ளைகளுடைய நோட்டைக் கட்டோடு தூக்கிவந்து திருத்துகிற டீச்சர்கள். "சார், நாலு மணி பஸ்ஸ விட்டா எனக்கு ஆறே முக்கால்தான்" என்று முதல் நாள் காலையிலேயே ஒருவர் வந்து சொல்லிவைப்பார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னாலும் கடைசியில் ஒரே பதில்தான் வரும். "இதெல்லாம் டவுன் பிள்ளைகளுக்குச் சரிப்படும் சார். எங்க பிள்ளைகளுக்கு வராது." இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் வாதாட மாட்டேன். "மூணாவது நாள் பாத்துட்டுப் பேசுங்க" என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாவது நாள் பதினோரு மணிக்கு மாதிரி வகுப்பு. எங்கள் பயிற்சி மையமும் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. தலைமையாசிரியைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினால், ஆறாம் வகுப்பிலிருந்து பதினைந்து பிள்ளைகளைத் தலைவாரி, முகம் கழுவி அனுப்பிவைப்பார். அந்தப் பதினைந்து பேரையும் நாற்பது வாத்தியார்களுக்கு நடுவில் உட்காரவைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதுதான் கருத்தாளருக்குப் பரீட்சை. பேசிப் பேசியே ஐந்து நாளை ஓட்டுகிற கருத்தாளர்கள் உண்டு. நான் அப்படி இல்லை. நடத்திக் காட்டுவேன்.

தரையில் ஒரு துண்டை விரிப்பேன். அதுதான் கடை; பாடத்துக்குப் பெயரும் கடைப்பாடம். கூடையிலிருந்து தக்காளி, கத்தரிக்காய், வெங்காயம், தேங்காய் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைப்பேன். ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டேன். முதலில் நான் கடைக்காரன். பிறகு துண்டைத் தோளில் முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு, நானே காய் வாங்க வருகிற அம்மாள். எட்டாவது நிமிடம் ஒரு தக்காளி என் கையிலிருந்து தவறி விழும். நான்தான் விடுவேன், தவறியது போல இருக்கும். பிள்ளைகள் சிரிக்கும். சிரித்த பிள்ளை பேசும் அண்ணாச்சி. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எந்தக் கையேட்டிலும் கிடையாது. பன்னிரண்டாவது நிமிடம் ஒரு பிள்ளை வந்து கடைக்காரராக உட்காரும். இருபதாவது நிமிடம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து விற்பார்கள், வாங்குவார்கள். முப்பதாவது நிமிடம் ஒரு பிள்ளை எழுந்து, அழுகின தக்காளியைக் கொடுத்துவிட்டாய் என்று இங்கிலீஷிலேயே சண்டை போடும். நாற்பதாவது நிமிடம் கைதட்டல். நோட்டுத் திருத்துகிற டீச்சர் நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்றக் கருத்தாளர்கள் முந்தின நாளே பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்துவைப்பார்கள். நான் செய்ததில்லை. ஒரு நாளும் செய்ததில்லை. அது ஏமாற்று வேலை. அதுவும் போக, ஆறாம் வகுப்பு வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கிறதல்லவா? பழைய பிள்ளைகள் ஏழாவதுக்குப் போய்விடுவார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வருடத்தில் முதல் அணிக்கு நடத்தும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். இரண்டாவது அணிக்குப் பரவாயில்லை. நாலாவது அணிக்கு வரும்போது பிள்ளைகள் பொரிந்து தள்ளிவிடுவார்கள். ஏன் என்று நானே யோசித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் என் கை விட்டுப்போயிருக்கும். நடத்த நடத்தத்தான் சூடு பிடிக்கும். பாடுகிறவர்களுக்குத் தொண்டை பதப்படுவது மாதிரி.

சரி. போன ஜூன் மாதம் ஒரு உத்தரவு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். மாநிலக் குழுவுக்குத் தேர்வாகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. ஓய்வுபெற எனக்கு இரண்டே வருடம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் இரண்டும் இந்த லட்சணத்தில் இருக்கும்போது, போய் வகுப்பறையில் நிற்பதா? எப்படியும் மாநிலக் குழுவுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று இருந்தேன். அதற்கு ஒரு மாதிரி வகுப்பைப் பார்ப்பார்கள். என்னுடையதைப் பார்க்கச் சென்னையிலிருந்து வசுமதி என்று ஒரு அம்மா வருவதாக ஏற்பாடு.

"எந்த அணிக்கு வரட்டும் சார்?" என்று அந்த அம்மா போனில் கேட்டார்.

"நாலாவது அணிக்கு வாங்க மேடம்" என்றேன்.

ஏன் நாலாவது என்றேன்? சொல்லுங்கள் பார்ப்போம். ஆங், அதேதான். கை பழகியிருக்கும். நன்றாகக் கவனித்துக்கொண்டு வருகிறீர்கள் அண்ணாச்சி. என் பயிற்சிக்கு வந்த பட்டதாரிகள் இப்படிக் கவனித்ததில்லை.

அந்த நாலாவது அணியில்தான் முத்துராக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். உண்மையில் அவர் இங்கிலீஷ் டீச்சரே கிடையாது. அறிவியல். செம்பட்டாங்குளம் நடுநிலைப் பள்ளியில் இங்கிலீஷுக்கு ஆள் போடவில்லை. மூன்று வருடமாக அதையும் சேர்த்து இவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின் வரிசையில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார். நான் இருமினால்கூட எழுதுவார் போல. பேப்பர் படிக்கிறவர்களால் எனக்குத் தொல்லை இல்லை. இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால்தான் கொஞ்சம் உதறல்.

முதல் நாள் மத்தியானம் எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்க டீச்சர்."

"நீங்க சொல்றது கேக்க நல்லா இருக்கு. எங்க ஆறாப்புல பன்னெண்டு பிள்ளைக. நான் இங்கிலீஷ்ல என்ன கேட்டாலும் என் மூஞ்சியவே பாக்குதுக. டீச்சருக்கு மேலுக்குச் சரியில்லையோன்னு ஒரு பிள்ள போயித் தண்ணி எடுத்துட்டு வருது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க பிள்ளைகள வச்சு ஒரு தடவ நடத்திக் காட்டுவீங்களா சார்? நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன்."

"தாராளமா. கூட்டிட்டு வாங்க டீச்சர், நடத்திருவோம்" என்றேன்.

நாற்பது பேருக்கு முன்னால் வேறு என்ன சொல்வது? கல்யாண வீட்டில் யாரையாவது பார்த்தால் "ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்க" என்கிறோம். மறுநாளே பெட்டியோடு வந்து நின்றால் நாம் என்ன செய்ய முடியும்? நான் அதைச் சொன்ன மாத்திரத்தில் மறந்துவிட்டேன்.

மூன்றாவது நாள். வசுமதி அம்மா பத்து மணிக்கே வந்துவிட்டார். சாதாரணக் கைத்தறிச் சேலை, கையில் ஒரு சின்ன நோட்டு. நாற்காலி போடச் சொன்னேன். வேண்டாம் என்று பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். பத்தரைக்குத் தலைமையாசிரியை பதினைந்து பிள்ளைகளை அனுப்பிவைத்தார். தலைக்கு எண்ணெய், புது ரிப்பன், எல்லாம் பளிச்சென்று இருந்தது. கூடையும் தயார். அப்போதுதான் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

முதலில் முத்துராக்கு டீச்சர் இறங்கினார். பின்னால் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு பிள்ளைகள். எப்படித்தான் அடைத்துக்கொண்டு வந்தார்களோ. ஒரு பையன் வழியில் வாந்தி எடுத்திருப்பான் போல. குழாயடியில் அவன் முகத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் இது?"

"நீங்கதான சார் கூட்டிட்டு வரச் சொன்னீங்க? எங்க எச்.எம். சார்கிட்ட லெட்டர் குடுத்து, பெத்தவங்ககிட்டக் கையெழுத்து வாங்கிக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"இன்னைக்கேவா?"

"மூணாவது நாளுதான் மாதிரி வகுப்புன்னு சொன்னீங்க?"

எழுதிவைத்திருக்கிறார், பாருங்கள். நான் பதில் சொல்வதற்குள் வசுமதி அம்மா எழுந்து வந்துவிட்டார். யார், எந்த ஊர் என்று விசாரித்தார். டீச்சர் ஒன்றுவிடாமல் சொன்னார். இங்கிலீஷில் கேட்டால் பிள்ளைகள் தன் மூஞ்சியையே பார்ப்பதையும் சொன்னார்.

"அப்ப இவங்கள வெச்சே நடத்துங்களேன் சார்" என்றார் வசுமதி அம்மா. "அந்தப் பிள்ளைங்க ஓரமா உக்காந்து பாக்கட்டும்."

"தூரத்துல இருந்து வந்திருக்காங்க மேடம். களைப்பா இருப்பாங்க."

"பரவால்ல, தண்ணி குடிக்கட்டும். நான் காத்திருக்கேன்."

நான் என்ன செய்வேன்? துண்டை விரித்தேன். பன்னிரண்டு பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். என் பதினைந்து பேரும் சுவரோரம் வரிசையாக. நாற்பது வாத்தியார்களும் சுற்றி. தக்காளியைத் தூக்கிக் காட்டி, "திஸ் இஸ் எ டொமேட்டோ" என்றேன்.

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தக்காளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

திருப்பிச் சொன்னேன். கையைக் காட்டிச் சொல்லச் சொன்னேன். இப்போது என் கையைப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த என் பிள்ளைகளுக்கு மட்டும் நான் பேசப் பேச உதடு கூடவே அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு. துண்டைத் தோளில் போட்டு, இடுப்பில் கையை வைத்துக் காய் வாங்க வந்தேன். எதிரே இருந்த ஒரு பையன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காக அவன் வெட்கப்பட்டான் அண்ணாச்சி. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

எட்டாவது நிமிடம்வரை எனக்குத் தாங்கவில்லை. ஐந்தாவது நிமிடமே தக்காளியைக் கையில் எடுத்துவிட்டேன். இன்னும் விடவில்லை. கையில்தான் இருக்கிறது. அதற்குள் சுவரோரத்திலிருந்து சிரிப்பு. என் பதினைந்து பேரும் சேர்ந்தாற்போலச் சிரித்தார்கள். தக்காளி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

வசுமதி அம்மாவுக்குப் பக்கத்தில் நஸ்ரின் பானு என்று ஒரு பிள்ளை. என் பிள்ளைகளிலேயே கெட்டிக்காரி. "இப்ப சார் அத எடுத்து முந்தானைல தொடைப்பாரு பாருங்க மிஸ்" என்று அது சொல்வது எனக்கே கேட்டது. நான் குனிந்து அதைத்தான் செய்யப்போனேன். பாதியில் கை நின்றுவிட்டது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் வசுமதி அம்மா.

"இது நாலாவது தடவ மிஸ். எங்க அக்காவும் போன வருஷம் இதுல நடிச்சிருக்கா. அழுகின தக்காளிச் சண்ட அவதான் போட்டா. இந்த வருஷம் நான்."

நடிச்சிருக்காளாம். ஒரு சின்னப் பிள்ளை வாயில் வருகிற வார்த்தையைப் பாருங்கள். எனக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் இல்லை. ஆனால் ஒரு வகுப்பு நடக்கும்போது பக்கத்தில் பேசக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே, அதுதான் என் வருத்தம்.

இதற்குள் எதிர்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை தானாக எழுந்து வந்தது. காளிப்பிரியா என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். கீழே கிடந்த தக்காளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"நசுங்கிருச்சு சார். இத மொதல்ல வித்துரணும். வச்சிருந்தா பக்கத்துல உள்ளதும் கெட்டுப்போகும்" என்றது. அதன் அம்மா சந்தையில் தக்காளி விற்கிறவராம்.

தமிழ். நான் ஒரு வார்த்தை தமிழ் இல்லாமல் கட்டிக்காத்த வகுப்பில் மூன்று வாக்கியம் தமிழ். அதோடு முடிந்ததா? முத்துராக்கு டீச்சர் எழுந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நான் கொஞ்சம் கேட்டுப் பாக்கட்டுமா?"

கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் துண்டுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏ காளி, ஒங்கம்மா கடைக்கு வர்றவுக மொதல்ல என்னத்தக் கேப்பாக?"

"வெலயத்தான் டீச்சர்."

"சார் இப்ப எப்படிக் கேட்டாரு?"

அந்தப் பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஹவ் மச்?" என்றது. வாந்தி எடுத்தானே, அந்தப் பையன் கடைக்காரன். "டென் ருப்பீஸ்" என்றான். காளிப்பிரியா நசுங்கின தக்காளியை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "நோ. திஸ் பைவ் ருப்பீஸ்" என்றது. அந்தப் பன்னிரண்டு பேரும் அப்போதுதான் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். இதை வரவழைப்பதற்குள் மணியாகிவிட்டது. நாற்பது நிமிடத்தில் ஒரு கேள்வி, ஒரு பேரம், அதுவும் தமிழில் முட்டுக்கொடுத்து. என் பதினைந்து பேராக இருந்தால் முப்பது வாக்கியம் பேசியிருப்பார்கள். யாரும் கைதட்டவில்லை. வசுமதி அம்மா மட்டும் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இந்தக் கடைப்பாடம் முடிஞ்ச மறுநாள் என்ன செய்வீங்க?"

"மறுநாள் நாலாவது நாள் மேடம். காலையில மதிப்பீடு, மத்தியானம் கேள்வித்தாள் தயாரிக்கிறது."

"பயிற்சியக் கேக்கல சார். பிள்ளைங்களுக்கு, மறுநாள்?"

"பிள்ளைங்க அவங்க கிளாசுக்குப் போயிருவாங்க மேடம்."

அந்த அம்மா டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். எங்கள் மையத்து டீ எப்போதும் அப்படித்தான் இருக்கும், எத்தனை முறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

ஐந்தாவது நாள் எல்லோரும் கருத்துப் படிவம் எழுதிக்கொடுப்பார்கள். முத்துராக்கு டீச்சர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? "எங்கள் பிள்ளைகள் வெளியாட்கள் முன்னால் முதல்முறையாக ஆங்கிலத்தில் பேசினார்கள். சாருக்கு மிக்க நன்றி." குத்திக்காட்டத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் படிவத்தை நாலு முறை படித்தேன்.

ஆகஸ்ட் மாதம் மாநிலக் குழுப் பட்டியல் வந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து ஒருவர் பெயரும் இல்லை. கலந்தாய்வில் என் முறை வரும்போது இங்கிலீஷுக்கு மிச்சம் இருந்தது இரண்டு இடம். ஒன்று மலைமேல். இன்னொன்று எது? ஆமாம் அண்ணாச்சி. செம்பட்டாங்குளம்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கு முத்துராக்கு டீச்சர் வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"எங்க பிள்ளைகளுக்கு ஒருவழியா இங்கிலீஷுக்கு ஆளு வந்துருச்சு சார். அதுவும் நீங்க. நான் எச்.எம். சார்கிட்ட அன்னைக்கே சொன்னேன், இவுக நமக்குக் கெடைச்சா எப்படி இருக்கும்னு."

அவர் முகத்தையே பார்த்தேன். குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்படுகிறார். குத்தலாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதல் நாள் ஆறாம் வகுப்பில் கடைப்பாடம் நடத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே போனது. பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்ததுதானே. ஏழும் எட்டும் ஜன்னலில் வந்து தொங்கின. தலைமையாசிரியர் வாசலில் நின்று கைதட்டினார். முழங்கால் வலிகூட அன்றைக்குத் தெரியவில்லை.

இரண்டாவது நாள் முதல் பீரியடுக்கு உள்ளே போனேன். பன்னிரண்டு பேரும் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். கையில் கூடை இல்லை. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் தேதி எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். திரும்பினேன். பிள்ளைகளும் நோட்டில் தேதி எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

சுவரில் கடிகாரம் இருந்தது. பீரியட் முடிய இன்னும் முப்பத்தெட்டு நிமிடம்.

அண்ணாச்சி, பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு முப்பத்தெட்டு நிமிடம் எனக்கு வந்ததே இல்லை. பாடப் புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டில் பாதி நான் எழுதிக்கொடுத்தது. அதெல்லாம் தலைக்குள் வரிசையாக வந்தது. முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அந்தக் கையேட்டில் குறை இருக்கிறது. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

"பாடத்தப் பாத்து எழுதுங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

எழுதினார்கள். மூன்றாவது நாளும் எழுதினார்கள். நாலாவது நாள் காளிப்பிரியா எழுந்து நின்றது.

"சார், எழுதுனது போதும். ஏதாச்சும் பேசுவமா?"

"முதல்ல கையெழுத்து நல்லா வரட்டும்" என்றேன்.

அதன் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

ஏழுக்கும் எட்டுக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. வினா விடை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிடலாம். ஆறாவதுதான். முதல் பீரியட் தினமும் ஆறாவது.

ஒரு நாள் இந்தப் பஸ் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் தாமதம். ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆறாம் வகுப்பில் ஒரே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முத்துராக்கு டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் சுற்றி நின்று பேருந்தில் இடம் பிடிக்கிற மாதிரி என்னவோ சண்டை. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். இங்கிலீஷில் பாதி தப்பு. டீச்சர் பேசியதிலேயே இரண்டு தப்பு. நான் எண்ணினேன். ஆனால் நான் உள்ளே போகவில்லை. ஒரு வகுப்பு நடக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்று பயிற்சியில் நானே சொல்வேன். மணியடிக்கிறவரைக்கும் வேப்பமரத்தடியில் நின்றேன்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார். "பஸ்ஸு லேட்டா சார்? நான் சும்மாதான் பாத்துக்கிட்டேன். பிள்ளைக சத்தம் போடுதேன்னு. லேட்டானா நீங்க இப்படி ஓடி வராதீங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

நல்ல மனுஷி. அதை நான் எங்கேயும் சொல்வேன். அதற்குப் பிறகு இந்தப் பஸ் அடிக்கடி தாமதமாகிவிடுகிறது.

இல்லை, இல்லை, எனக்கு வழிவிட நீங்கள் காலை மடக்க வேண்டாம். கண்டக்டர் சத்தம் போட்டால் போடட்டும்.

"செம்பட்டாங்குளம் வெலக்கு எறங்கு. சார், எறங்கலையா?"

"நீ விசிலைக் குடு தம்பி."

"இன்னைக்கும் கண்மாய்க்கரைதானா?"

"ஆமாப்பா."

தெரிந்த பையன்தான். நல்ல மாதிரி. என் பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு அடுத்தது கண்மாய்க்கரை அண்ணாச்சி. அங்கே இறங்கித் திரும்பி நடந்தால் என் முழங்காலுக்கு நாற்பது நிமிடம். டாக்டரும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதோ, அந்த ஓட்டுக் கட்டடம் தெரிகிறதா? அதுதான் பள்ளிக்கூடம். இறைவணக்கம் முடிந்து எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள். நான் போய்ச் சேரும்போது இரண்டாவது மணி அடித்திருக்கும். முதல் பீரியட் நல்லபடியாக நடந்து முடிந்திருக்கும்.